வீட்டில் போட்டோ பிரிண்ட்: திரையை அளக்க எந்தக் கருவி வாங்கலாம்?

பாயான்பாரு_கேமரா:
வணக்கம். ஆறு நிற இங்க் டேங்க் பிரிண்டர், 24 அங்குல ஐபிஎஸ் திரை. லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளிலிருந்து ஏ4 அச்சிட்டால் திரையில் தெரிவதைவிட இருண்டு வருகிறது, முகங்களில் சிவப்பு ஏறுகிறது. திரையின் நிறத்தை அளக்கும் ஸ்பைடர்எக்ஸ் ப்ரோ, எலைட், மலேசிய விற்பனைத் தளமான முடாவில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஐ1 டிஸ்பிளே 2, இவற்றில் எது? இல்லை, அச்சையும் அளக்கும் கேலிபிரைட் ஸ்டூடியோவுக்கே போய்விடலாமா?

மூவண்ணம்:
இருளும் சிவப்பும் ஒரே காரணத்தால் வருவதில்லை. கருவி தீர்ப்பது முதலாவதை மட்டும்தான்.

கடையிலிருந்து வரும் திரை பெரும்பாலும் 250 நிட்டுக்கு (திரை வெளிச்சத்தின் அளவு) மேல் எரியும். அந்த வெளிச்சத்தில் படத்தைத் திருத்தினால் நிழல் பகுதிகளைப் போதும் என்று விட்டுவிடுவீர்கள், காகிதம் அதைக் காட்டிக்கொடுக்கும். அச்சுக்கு 80 முதல் 120 நிட். இரவு விளக்கில் வேலை என்றால் 90 பக்கம் வையுங்கள். வெண்மை டி65 (பகல் ஒளியின் வெள்ளை), காமா (நடு ஒளி அளவுகள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பது) 2.2.

சிவப்புக்கு முதலில் பிரிண்டர் டிரைவரை, அதாவது கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளைப் பாருங்கள். லைட்ரூமில் காகிதத்தின் ஐசிசி புரொஃபைலை (அந்தக் காகிதத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தெடுத்துவிட்டு, டிரைவரிலும் நிறத் திருத்தத்தை விட்டுவைத்தால் ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் விழும். எப்சனில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்', கேனனில் மேட்சிங்கை 'நன்' (None) என்று வையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

செந்தூல்_ஐசிசி:
அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள்.

ஐ1 டிஸ்பிளே 2 வேண்டாம். அந்தத் தலைமுறைக் கருவிகளின் நிற ஃபில்டர் நம்மூர் ஈரப்பதத்தில் மங்கிவிடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், அளவு மட்டும் தப்பும். பழையது வாங்கியே ஆக வேண்டுமென்றால் 2011க்குப் பிறகு வந்த ஐ1 டிஸ்பிளே ப்ரோவைத் தேடுங்கள்.

ஸ்பைடர்எக்ஸில் ப்ரோவுக்கும் எலைட்டுக்கும் சென்சார் ஒன்றுதான், வித்தியாசம் மென்பொருளில். எலைட்டில் உள்ள சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் வசதி, லைட்ரூமிலேயே இருக்கிறது. வெளிச்ச இலக்கை நினைத்தபடி வைக்க டிஸ்பிளேகால் என்ற இலவச மென்பொருள் போதும். ஆகவே ப்ரோ.

ஸ்டூடியோ வேறு வகை. காகிதத்தில் அச்சான நிறக் கட்டங்களைப் படித்துப் பிரிண்டருக்கே புரொஃபைல் போடும், விலையும் அதற்கேற்ப ஏறும். பிரிண்டர் கம்பெனியின் இங்க், அதே கம்பெனிக் காகிதம் என்றால் அவர்கள் தளத்தில் தரும் புரொஃபைலே போதும். வேறு இங்க் ஊற்றினால் அந்தப் புரொஃபைலுக்கு அர்த்தமில்லை. அப்போதுதான் ஸ்டூடியோ தேவைப்படும்.

பாயான்பாரு_கேமரா:
டிரைவரில் அணைத்ததும் சிவப்பு போய்விட்டது, நன்றி! அப்படியானால் ப்ரோ வாங்குகிறேன். அளக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூவண்ணம்:
திரையை அரை மணி நேரம் எரியவிடுங்கள். தானாக மங்கும் வசதி, நீல ஒளி குறைப்பு, விண்டோஸ் நைட் லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் அளந்தது வீண். திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் கருவி ஒட்டி நிற்கும், இடுக்கில் ஒளி புகாது. பிரைட்னஸையும் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் திரையின் சொந்த மெனுவில் சரிசெய்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மென்பொருளிடம் விடுங்கள். எல்லாவற்றையும் மென்பொருளே இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

டிஸ்பிளேகாலில் திரை வகை கேட்கும். சாதாரண எல்இடியா, அகன்ற நிற வரம்பா என்று திரையின் விவரத்தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தப்பாகக் கொடுத்தால் வெள்ளையே பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும், பிறகு கருவி மேல் பழி போடுவோம்.

துளிமை:
எல்லாரும் திரையையே பேசுறீங்க, அச்சை எந்த விளக்கில் பார்க்கிறார் என்று யாரும் கேட்கலையே லா. மஞ்சள் 3000 கெல்வின் பல்பில் எந்தப் பிரிண்டும் மஞ்சளாகத்தான் தெரியும். 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ள எல்இடி ஒன்றை மேசைக்கு மேல் மாட்டுங்கள். அச்சிட்ட உடனே முடிவு கட்டவும் வேண்டாம். இங்க் காயக் காய நிறம் கொஞ்சம் நகரும், ஒரு ராத்திரி விடுங்கள். பிரித்த காகிதக் கட்டு சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் இருக்கட்டும், பினாங்கு ஈரத்தில் ஓரம் சுருண்டால் பிரிண்டர் தலை உரசி அச்சில் கறை விழும்.