லிதியம் பற்றரி 100 ஏ.எச்: மத்தியானம் இன்வேட்டர் கத்துது, விடியப்புறம் எல்லாம் நிக்குது. பற்றரி பழுதா?

நெடுங்கேணி வளவு:
லைன் கரண்ட் இல்லாத வீடு. 12.8 வோல்ற் 100 ஏ.எச் (அம்பியர் மணித்தியாலம்) எல்.எஃப்.பி (லிதியம் இரும்பு பொஸ்பேற்) பற்றரி (பேர் இல்லாத மலிவுச் சாமான், புளூரூத் ஆப் இருக்கு, உள்ளுக்கு இருக்கிற நாலு செல்லின்ர வோல்ற்றையும் காட்டும்), 150 வாற் பனல் 2 பரலலா, 30 அம்பியர் பி.டபிள்யூ.எம் (பனலைப் பற்றரி வோல்ற்றுக்கே இழுத்து வைக்கிற சாதாரண வகை) சார்ஜ் கொன்ட்ரோலர், 1000 வாற் இன்வேட்டர். இரவில ஒரு 45 வாற் ஃபேன் 8 மணித்தியாலம், 9 வாற் பல்ப் 4, ரீவி ரெண்டு மணித்தியாலம். அவ்வளவுதான்.

பிரச்சினை ரெண்டு. மத்தியானம் கொன்ட்ரோலர் 13.8 காட்டிக்கொண்டு நிக்கும், திடீரெண்டு 15.9க்குப் பாயும், இன்வேட்டர் கத்திக்கொண்டு நிண்டுடும். விடிய 3 மணிபோல எல்லாம் அணையும். பற்றரி முனையில மீற்றர் பிடிச்சா 1 வோல்ற்கூட இல்லை. வெயில் வந்தாலும் கொன்ட்ரோலர் எழும்பாது. வித்த கடைக்காரர் நாலு செல்லும் 3.30 எண்டு காட்டி, பற்றரி நல்லம், பனல் காணாது எண்டுறார்.

மாங்குளம் வயரிங்:
பற்றரி சாகேல்லை, உள்ளுக்கு இருக்கிற பி.எம்.எஸ் (செல்லுகளைக் காக்கிற மின்சுற்று) கதவைச் சாத்திப்போட்டு நித்திரை கொள்ளுது. கொன்ட்ரோலர் தன்ர உயிரைப் பற்றரியில இருந்துதான் எடுக்கும். அதாலதான் வெயில் இருந்தும் எழும்பேல்லை.

எழுப்புறதுக்கு: இன்வேட்டரைக் கழட்டுங்கோ, கொன்ட்ரோலரில பனல் வயரையும், பிறகு பற்றரி வயரையும் கழட்டுங்கோ. சார்ஜ் உள்ள ஒரு ஓட்டோ பற்றரியை பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் பிடிச்சு, ஒரு பக்கத்து வயருக்கு நடுவில 12 வோல்ற் 55 வாற் ஹெட்லைற் பல்ப் ஒண்டைத் தொடரா வையுங்கோ. கரண்ட் அளவுக்கு மிஞ்சிப் பாயாது. ஒரு நிமிசம் விட்டு ஓட்டோ பற்றரியைக் கழட்டுங்கோ, அதுக்குப் பிறகும் லிதியம் முனையில 12 வோல்ற் அளவு நிண்டா எழும்பிட்டுது. இனி முதல் கொன்ட்ரோலருக்கு பற்றரி, பிறகு பனல். இந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ. பனலை நேரே பற்றரியில குத்துற வேலை வேண்டாம்.

கடைக்காரர் காட்டின 3.30க்கு ஒரு பெறுமதியும் இல்லை. இந்த வகைச் செல் 30 வீதத்திலயும் 80 வீதத்திலயும் கிட்டத்தட்ட ஒரே வோல்ற்தான் காட்டும். அந்தம் ரெண்டிலயும்தான் குட்டு வெளிப்படும். மத்தியானம் கத்துற நேரமும், இரவு அணையிறதுக்குச் சற்று முன்னமும் நாலு செல்லையும் ஆப்பில பாத்து எழுதுங்கோ.

விசுவமடு சோலார்:
பி.டபிள்யூ.எம்மைத் தூக்கி எறிஞ்சிட்டு எம்.பி.பி.ரி (பனலின்ர வாற்றைக் கூடுதலாப் பற்றரிக்கு மாத்திக் குடுக்கிற கொன்ட்ரோலர்) போடுங்கோ. 300 வாற் பனலில 225 வாற்தான் பற்றரிக்குப் போகும்.

மாங்குளம் வயரிங்:
கணக்குச் சரி, ஆனா இந்தப் பழுதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 16 அம்பியர் படி நாலரை மணித்தியால நல்ல வெயிலுக்கு 70 ஏ.எச் வரும். இரவுச் செலவு இன்வேட்டர் தின்னுறதையும் சேர்த்து 65க்குள்ள. மாரியில காணாது, அப்ப யோசிக்கலாம்.

நெடுங்கேணி வளவு:
எழும்பிட்டுது, நன்றி அண்ணை. மத்தியானம் 3.38, 3.39, 3.66, 3.38. அணைய முன்னம் 2.52, 2.74, 3.16, 2.70.

மாங்குளம் வயரிங்:
இதுதான் பாக்க வேண்டினது. மேல முதல் முட்டினது 3ஆவது, கீழ முதல் விழுந்தது 1ஆவது. வேற வேற செல் எண்டா அது சமநிலைக் குழப்பம், திருத்தலாம். மேலயும் கீழயும் ஒரே செல்லே முந்தினா அது கொள்ளளவு குறைஞ்ச செல், மாத்தித்தான் ஆக வேணும். உங்கட பற்றரி தப்பிச்சுது.

3ஆவது 3.65 தாண்டினதும் பி.எம்.எஸ் சார்ஜை வெட்டுது. பனல் கரண்டுக்குப் போக இடமில்லாமல் கொன்ட்ரோலர் பக்க வோல்ற் பாயுது, இன்வேட்டர் கத்துது. மற்ற மூண்டும் நிரம்பாமலே இரவுக்குப் போகுதுகள். பி.எம்.எஸ்ஸுக்குள்ள பலன்ஸ் (செல்லுகளை மெல்லச் சமப்படுத்துறது) இருக்குத்தான், ஆனா வழமையா 50 மில்லி அம்பியர் மட்டில. 15 ஏ.எச் வித்தியாசத்தைச் சரிக்கட்ட 300 மணித்தியாலம் வேணும், அதுவும் வோல்ற் உச்சத்தில நிக்கிற நேரம் மட்டும்.

பற்றரி மூடி ஸ்குரூ போட்டது எண்டா, திறந்து கெதியா முடிக்கலாம். அதே ஹெட்லைற் பல்பை 3ஆவது செல்லின்ர ரெண்டு முனைக்கும் மட்டும் பிடியுங்கோ, 2 அம்பியர் அளவு இழுக்கும். பனல் சார்ஜ் பண்ணிக்கொண்டே இருக்கட்டும். அந்தச் செல் 3.40க்குக் கீழ வந்தா பல்பை எடுங்கோ, திரும்ப முந்தி ஏறினா திரும்பப் பிடியுங்கோ. நாலும் 3.45க்கு ஒண்டாப் போய், வித்தியாசம் 0.03க்குள்ள வந்தா காணும். ஸ்பனர் சாவியின்ர பிடியில ரேப் சுத்துங்கோ, மோதிரம் கழட்டுங்கோ, பல்பை விட்டுட்டு கிணத்தடிக்குப் போகாதேங்கோ.

பிறகு கொன்ட்ரோலரில சார்ஜ் 14.2, ஃபுளோட் (நிரம்பின பிறகு பிடிச்சு வைக்கிற வோல்ற்) 13.5, சூட்டுக்கேற்ற திருத்தம் பூச்சியம், ஈக்குவலைஸ் (ஈய அசிட்டுக்குக் குடுக்கிற கூடின வோல்ற் சார்ஜ்) நிப்பாட்டு. கொன்ட்ரோலர் ஈய அசிட் பற்றரி செற்றிங்கில இருந்தா உடன மாத்துங்கோ. கொன்ட்ரோலரின்ர 12.0 கட் (பற்றரி அதுக்குக் கீழ போனா லோட் முனையை வெட்டுறது) இன்வேட்டரை வெட்டாது, ஏனெண்டா இன்வேட்டர் நேரே பற்றரியில இருக்கு. அதின்ர சொந்தக் கட் 10.5, இதுக்குப் பிந்திப்போகும். ஆப்பில மாத்த முடிஞ்சா பி.எம்.எஸ்ஸின்ர செல் கீழ் எல்லையை 2.8 ஆக்குங்கோ.

முள்ளியவளை:
வாங்கப் போறவை கவனியுங்கோ: உண்மையான 100 ஏ.எச் 10 – 12 கிலோ வரும். 7 கிலோ எண்டா உள்ள 100 இல்லை. ஷன்ட் மீற்றர் (ஓடுற அம்பியரை அளந்து ஏ.எச் எண்ணுறது) போட்டு, முழுச்சார்ஜில இருந்து 20 அம்பியரில வெட்டும்வரை இறக்குங்கோ. 5 மணித்தியாலம் தாங்க வேணும். இன்வேட்டர் வயர் 25 சதுர மி.மீ.க்குக் குறையாமல், பிளஸ் முனைக்குக் கிட்ட 125 அம்பியர் பியூஸ். கார் பாட்டுப்பெட்டிக்கு வாற கண்ணாடிப் பியூஸ் போடாதேங்கோ, லிதியம் சோட் ஆனா அது வெட்டாமல் தீப்பொறியா எரியும். 1 எச்.பி தண்ணி மோட்டர் இந்தச் செற்றில கனவு. ஸ்ராட் ஆகேக்குள்ள பல மடங்கு இழுக்கும், பி.எம்.எஸ் வெட்டும்.

தகரக் கூரைக்குக் கீழ அலுமாரிக்கு மேல வைக்காதேங்கோ. பங்குனி சித்திரையில அந்த இடம் 45 பாகை தாண்டும், செல்லின்ர ஆயுள் அங்கதான் போகுது. தரையில ஒரு பலகை போட்டு வையுங்கோ.

நெடுங்கேணி வளவு:
மூடி பசை வச்சு ஒட்டிக் கிடக்கு அண்ணை. உடைக்கட்டா?

மாங்குளம் வயரிங்:
உடைக்காதேங்கோ, கடைக்காரரின்ர வாரண்டிக்கும் இடைஞ்சல். கொன்ட்ரோலர் சார்ஜை 13.6க்கு இறக்குங்கோ. 3ஆவது 3.5க்குக் கிட்ட நிக்கும், பி.எம்.எஸ் வெட்டாது, மத்தியானக் கத்தல் அண்டைக்கே நிக்கும், பலன்ஸும் தன்ர பாட்டில வேலை செய்யும். கிழமைக்கு ஒருக்கா ஆப்பைப் பாத்து, 3ஆவது செல் மற்றதுகளோட கிட்ட வர 0.1 படி ஏத்துங்கோ. மூண்டு மாதத்துக்கு மேலயும் எடுக்கும். அதுவரைக்கும் ரீவியைக் குறையுங்கோ, அல்லது ஃபேனை 12 வோல்ற் டி.சி ஃபேனா மாத்தி கொன்ட்ரோலர் லோட் முனையில குடுங்கோ, முதல் அந்த முனை எத்தனை அம்பியர் தாங்கும் எண்டு பாத்துப்போட்டு. அப்ப இன்வேட்டரை இரவில நிப்பாட்டலாம், 12.0 கட்டும் உங்களுக்குக் கிடைக்கும்.