புதுப்பிப்பு: பெயர் தெரியாத குட்டி டாஃபடில்கள் பூத்துவிட்டன

பெயர்ச்சீட்டு இல்லாமல் வந்த சின்ன டாஃபடில் கிழங்குகளைச் இங்கிலாந்தின் சர்ரேயில் எங்கள் வீட்டுப் புல்தரையில் நட்டிருக்கிறேன், என்ன இனமாக இருக்கும் என்று போன அக்டோபரில் இங்கே கேட்டிருந்தேன். மார்ச்சில் பூத்துவிட்டன!

பெரும்பாலானவை நார்சிசஸ் பல்போகோடியம் என்ற குட்டி டாஃபடில் இனம். நடுக்குழல் பாவாடை விரித்த மாதிரி அகலமாக நிற்கிறது. சுற்றியுள்ள இதழ்கள் வெறும் ஊசி. இலையும் புல்லைப் போலவே ஒல்லி. ஜனவரியில் களை என்று நினைத்துக் கொஞ்சம் பிடுங்கிவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. சர்ரேயில் உள்ள விஸ்லி தோட்டத்தின் ஆல்பைன் புல்வெளியில் பரவிக் கிடப்பதும் இந்த இனம்தான்.

ஈரமான ஓரத்தில் மூன்று செடிகள் மட்டும் வேறு. குழல் நீண்டு கீழே தொங்க, இதழ்கள் சூலகத்தையே மறைக்கும் அளவுக்குப் பின்னால் மடிந்திருக்கின்றன. கலப்பினங்களில் இவ்வளவு மடியாது. அதனால் அசல் நார்சிசஸ் சைக்ளமினியஸ் இனம்தான் என்கிறேன்.

தொட்டிக்கு மாற்றச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் மாற்றவில்லை. விதை உதிரும்வரை அந்தப் பக்கம் புல் வெட்டப்போவதில்லை. விதை முளைத்துப் பூக்க 3, 4 வருடமாவது ஆகும். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.