‘சென்சேஷன் டிரான்ஸ்ஃபரன்ஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பாடநூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தொலைநிலைக் கல்வியில் வணிகவியல் பயில்வோருக்கான சந்தையியல் நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். காட்சி வடிவமைப்பு பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ‘சென்சேஷன் டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்ற தொடர்தான் என்னை நிறுத்திவைத்திருக்கிறது. சிகாகோவில் வண்ண ஆய்வு நிறுவனம் நடத்திய லூயி செஸ்கின் வகுத்த கருத்து இது. உறையின் நிறமும் வடிவமும் எழுத்தும் எழுப்பும் உணர்வை, வாங்குபவர் தம்மை அறியாமலேயே உள்ளிருக்கும் பொருளின் இயல்பாகக் கொண்டுவிடுகிறார் என்பது அதன் சாரம். வெண்ணெய்க்கு ஈடாகாது என்று அமெரிக்க வீடுகளில் பலர் ஒதுக்கிய மார்கரின் (தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்று), மஞ்சள் நிறமும் பளபளக்கும் தகட்டு உறையும் மணிமுடிச் சின்னமும் ‘இம்பீரியல்’ என்ற பெயரும் பெற்று மதிப்புயர்ந்ததை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு முன் மொழிபெயர்த்தவர் ‘உணர்ச்சி மாற்றம்’ என்று எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும் மாணவர், வாங்குபவர் அழுகையிலிருந்து சிரிப்புக்கு மாறியதாக எண்ணிக்கொள்ள மாட்டாரா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா அவர்களுக்கு. ‘மாற்றம்’ வேண்டவே வேண்டாம். பழைய நூல்களில் அதற்குச் சொல் என்றும் மறுமொழி என்றும் பொருள் உண்டு. நம் அணியிலக்கணத்தில் இதற்கு நெருங்கிய கருத்து ஆயத்தமாகவே இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார் இளங்கோவடிகள். கொடி காற்றில் அசைந்ததே உண்மை. வராதீர்கள் என்பது புலவர் தாமாக ஏற்றிய குறிப்பு. அதனால் அதைத் தற்குறிப்பேற்றம் என்றோம். மார்கரினுக்கு மேன்மை ஏற்றுபவர் வாங்குபவர் என்பதால், ‘தன்’ நீக்கிக் ‘குறிப்பேற்றம்’ என்றால் போதும். உறையைக் குறிக்க ‘உரு’வையும் சேர்க்கலாம். ‘வினைபயன் மெய்உரு’ என்று உவமத் தோற்றத்தை நான்காக வகுத்த தொல்காப்பியத்துக்கு உரை கண்டோர் மெய்யை வடிவென்றும் உருவை வண்ணமென்றும் பிரித்தனர். செஸ்கின் பேசியதும் அந்த இரண்டையும்தானே? ‘உருக்குறிப்பேற்றம்’ என்று முழுமையாகவே சொல்லிவிடலாம்.

உறை வடிவமைப்பாளர் எழுதியது:

ஐயா, உங்கள் சொல் அழகாக இருக்கிறது. ஆனால் என் அலுவலகத்தில் ‘உருக்குறிப்பேற்றம்’ என்று சொன்னால் உருக்கிய நெய்யைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதான் எண்ணுவார்கள். அதைவிட முதன்மையான தடை ஒன்றுண்டு. தற்குறிப்பேற்றத்தில் புலவர் அறிந்தே ஏற்றுகிறார், படிப்பவரும் அதை அறிந்தே சுவைக்கிறார். இங்கே ஏற்றுபவருக்கே தாம் ஏற்றுவது தெரியாது. தெரிந்தால் விளைவு நிகழாது.

எது இந்தச் சொல்லுக்குள் அடங்கும், எது அடங்காது என்பதையும் முதலில் வரையறுக்க வேண்டும். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் டிராப்பிக்கானா தன் பழச்சாற்றுப் பெட்டியிலிருந்த, ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டுக் குவளைச் சாற்றின் படத்தைப் போட்டது. பிப்ரவரி முடிவதற்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்து, நிறுவனம் பழைய பெட்டிக்கே திரும்பியது. எல்லாப் பாடநூல்களும் இதைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஆனால் சாறு புளித்ததாக யாரும் சொன்னதால் வந்த சரிவன்று அது. அலமாரியில் வழக்கமான பெட்டியைப் பலரால் அடையாளம் காண இயலவில்லை, பழகிய படத்தை இழந்ததில் சிலருக்குச் சினமும் இருந்தது. 2011-ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் கோக்கக்கோலா பனிக்கரடிகளின் பாதுகாப்புக்காக வெண்ணிற டப்பாவை வெளியிட்டபோது நடந்ததோ இரண்டும் கலந்தது. சர்க்கரையில்லாத டயட் கோக்கின் வெள்ளி நிற டப்பா என்று மயங்கி எடுத்தவர்களும் இருந்தனர். பானத்தின் சுவையே மாறிவிட்டது என்று முறையிட்டவர்களும் இருந்தனர். இரண்டாம் கூட்டத்தார் உணர்ந்ததற்கு மட்டுமே நாம் இங்கே பெயர் தேடுகிறோம். நான் ‘உறைமயக்கம்’ என்பேன். அட்டையைப் பார்த்து மயங்காதே என்று கடைத்தெருவில் சொல்வதுதானே?

யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் எழுதியது:

‘உறை’ என்றால் எங்கள் மாணவருக்குத் தலையணை உறையும் கடித உறையுமே முன்வந்து நிற்கும். நாங்கள் பொதி, பொதியிடல் என்று பாடம் நடத்துகிறோம். தமிழகத்துப் பாடநூல்களிலோ சிப்பமிடுதல் என்றிருக்கிறது. கலைச்சொல்லில் இவற்றுள் எதையும் சேர்க்காவிட்டால் இரு கரையாரும் பயன்படுத்தலாம். ‘உணர்வுப் பெயர்ச்சி’ என்பது என் முன்மொழிவு.

தமிழாசிரியர்:

பெயர்ச்சி என்றதும் சனியும் குருவும் வந்துவிடுவார்கள். பொதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொதிதல் என்பதற்கு மறைத்தல் என்ற பொருளும் உண்டு. பொதியில் மலையின் பெயரைப் பொதி+இல் என்றும் பொது+இல் என்றும் பிரிப்பார்கள். நான் முதலாவதையே…

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். பொதியிலுக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். ‘உறைமயக்கம்’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் வாங்குபவர் ஏமாளி என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது; ஐந்து மதிப்பெண் வினாவில் மாணவர் விளம்பரக்காரரைத் திட்டிவிட்டு வந்துவிடுவார்.

மெல்பர்னில் வாழும் உறுப்பினர் எழுதியது:

இங்கிருந்து ஓர் எதிர்முனைச் சான்று. ஆஸ்திரேலியாவில் 2012 டிசம்பர் முதல் எல்லாச் சிகரெட் பெட்டிகளும் ஒரே அழுக்குப் பழுப்பு நிறத்தில்தான் விற்கப்பட வேண்டும். கவராத நிறமாகத் தேடிப் பிடித்தார்கள். அதன்பின் சிகரெட்டின் சுவை கெட்டுவிட்டதென்று புகைப்போர் பலர் முறையிட்டனர். உள்ளிருப்பதில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, பெட்டியின் அருவருப்பே நாவுக்குத் தாவியது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் தான்யா பிளிபர்செக் விளக்கினார். யாரும் மயங்கவில்லை, வெறுத்தார்கள். விருப்பும் வெறுப்பும் ஒரே வாயிலால் நுழைகின்றன என்றால் சொல் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆசிரியர் ஐயாவின் ‘ஏற்றம்’ அதற்குத் தோதாக இருக்கிறது. குறிப்பை விட்டு ‘உணர்வேற்றம்’ என்று வைத்தால் என்ன?

வடிவமைப்பாளர்:

சுவை இறங்கிப்போனதற்கா ஏற்றம்? சந்தையியல் மாணவருக்கு ஏற்றமென்றால் விலையேற்றம்தான். மயக்கத்திலும் தீர்ப்பு இல்லை. ‘திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே’ என்று ஒன்றன் இயல்பு இன்னொன்றில் கலப்பதைத் தொல்காப்பியர் எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்கிறார். பெட்டியின் இயல்பு புகையிலையில் கலந்தது என்பதற்கு அதைவிடப் பொருந்தும் சொல் இல்லை.

தமிழாசிரியர்:

என்னையே தொல்காப்பியத்தால் மடக்குகிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் ஏற்றுதல் மேலே போவது மட்டுமன்று. வண்டியில் பாரம் ஏற்றுகிறோம், ஒருவர்மீது பழி ஏற்றுகிறோம். நல்லதையும் கெட்டதையும் ஏற்றலாம். தொல்காப்பியரின் மயக்கம் இன்றைய மாணவருக்கு எட்டாது, தலைசுற்றல் மட்டுமே எட்டும். ‘குறிப்பு’ போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வெள்ளிக்கிழமையை முன்னிட்டு உணர்வேற்றத்துக்கு உடன்படுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

நால்வர் ஏற்கிறோம், ஒருவர் மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் ‘உணர்வேற்றம்’ என்று எழுதி, ஆங்கிலத் தொடரைத் தமிழ் எழுத்தில் அருகில் தந்து, உறையின் இயல்பு பொருளின் இயல்பாகத் தோன்றுதல் என்று ஒருவரி விளக்கமும் சேர்க்கிறேன். மார்கரினும் ஆஸ்திரேலியப் பெட்டியும் அடுத்தடுத்து வரும். டிராப்பிக்கானாவை இந்தப் பகுதியிலிருந்து எடுத்து, அடையாளம் காணுதல் பற்றிய பகுதிக்கு நகர்த்துகிறேன். அந்தத் திருத்தத்துக்கு வடிவமைப்பாளருக்கு நன்றி.

வடிவமைப்பாளர்:

நன்றியைப் பெற்றுக்கொள்கிறேன்; சொல்லை ஏற்கவில்லை. பயிற்சி வகுப்புகளில் நான் உறைமயக்கம் என்றே சொல்லப்போகிறேன். உங்கள் நூலைப் படித்துவிட்டு என்னிடம் வருபவர்கள் இரண்டையும் கற்கட்டும். மேலும், உணர்வேற்றத்துக்கு விளக்கம் எழுதும்போதே நீங்கள் ‘உறை’ என்று எழுதிவிட்டீர்கள். யாழ்ப்பாணத்து ஐயாவின் பொதிக்கும் தமிழகத்தின் சிப்பத்துக்கும் அதில் என்ன இடம் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் யார் முடிவு செய்வது?