வீட்டுக் குழுவில் ஒரு மத்தியானம்: ஆளில்லாத அரங்கில் கச்சேரி

அம்மா: பொம்பெய் வந்து சேர்ந்தோம். காலையிலிருந்து ஒரே நடை. இப்போது ஒரு பெரிய வட்ட அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம். சுற்றிப் புல் முளைத்த படிகள், வேறொன்றும் இல்லை. அப்பா வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

சித்தி: பம்பாயா? இத்தாலி என்றுதானே சொன்னாய்?

அக்கா: பொம்பெய், சித்தி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர்.

மாமா: அக்கா, அங்கிருந்து நகராதே! அந்த அரங்கின் நடுவில்தான் பிங்க் ஃபிளாய்ட் என்கிற இங்கிலாந்து ராக் குழு வாசித்தார்கள்.

அம்மா: நீ காலேஜ் படிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாயே, அதுவா? தாத்தா ஃபியூஸைப் பிடுங்கினாரே.

மாமா: அதேதான். 1971 அக்டோபரில் வாசித்தார்கள். படம் எடுத்தவர் ஏட்ரியன் மேபென். பார்க்க ரசிகர் கூட்டம் கிடையாது. திட்டமே அதுதான்.

அப்பா: ஆளே இல்லாமல் கச்சேரியா? யாருக்காக வாசித்தார்கள்?

மாமா: கேமராவுக்கு, அத்தான். அதற்கு முந்தின வருடம்தான், அமெரிக்காவில் பெருங்கூட்டம் கூடின இசை விழாவைக் காட்டும் வுட்ஸ்டாக் படம் வந்திருந்தது. கச்சேரிப் படம் என்றால் பாதி நேரம் கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்று ஆகிப்போன காலம். மேபென் நேரெதிராக யோசித்தார். உண்மையில் முதலில் அவர் ஓவியங்களையும் இவர்கள் இசையையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாமா என்றுதான் கேட்டாராம். அது எடுபடவில்லை. அப்புறம் விடுமுறைக்கு அந்தப் பக்கம் வந்தவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டார். சாயங்காலம் தேடிக்கொண்டு திரும்பி வந்தால், அரங்கில் ஒரு ஆள் இல்லை. பூச்சிச் சத்தம், வௌவால், மங்குகிற வெளிச்சம். இங்கேதான் எடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நான்: பாஸ்போர்ட் கிடைத்ததா மாமா?

மாமா: அதையா இப்போது கேட்கிறாய்?

அக்கா: அப்பா உடனே இடுப்புப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்பா: ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பென்ன? இந்த அரங்கு கி.மு. 70 வாக்கில் கட்டியதாம். கி.பி. 59இல் பக்கத்து ஊர்க்காரர்களோடு இங்கே பெரிய அடிதடி. ரோம் செனட் இந்த ஊரில் பத்து வருடத்துக்குப் போட்டிகளே கூடாது என்று தடை போட்டுவிட்டதாம். கையேட்டில் இருக்கிறது.

மாமா: அப்படியானால் ரசிகர்களை விடாததே நல்லது. ஆனால் இவர்களுக்கு வேறு தொல்லை. லண்டனிலிருந்து லாரியில் சாமான் எல்லாம் வந்து இறங்கின பிறகு பார்த்தால், அவ்வளவு கருவிக்கும் கரண்ட் போதவில்லை. கிடைத்ததே சில நாள் அனுமதி, அதில் கொஞ்சம் இப்படியே போனது. கடைசியில் ஊருக்குள்ளிருந்து நீளமாக கேபிள் இழுத்து வந்தார்கள்.

சித்தி: நம் தெருவில் அம்மன் கொடைக்கு இழுப்பது போல.

மாமா: அதேதான், சீரியல் செட் மட்டும்தான் இல்லை. அதனால் அங்கே முழுசாக எடுக்க முடிந்தது மூன்றே பாட்டு. மீதியைப் பாரிஸில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்கள். எது எங்கே எடுத்தது என்று கீபோர்டு வாசிக்கிற ரிச்சர்ட் ரைட்டின் தாடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தாடி இருந்தால் பொம்பெய், மழித்திருந்தால் பாரிஸ்.

நான்: நம் சீரியல்களில் ஒரே காட்சியில் புடவை மாறும். இது பரவாயில்லை.

மாமா: தம்பி, நீ யூடியூபில் தேடி 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' மட்டும் பார். கண்ணை எடுக்காமல் டிரம்ஸ்காரரைப் பார்.

நான்: பார்த்தேன். ஏன் அவரை மட்டுமே காட்டுகிறார்கள்? மற்ற மூன்று பேர் எங்கே?

மாமா: மற்றவர்களை எடுத்த சுருள்கள் தொலைந்துவிட்டன! கையில் இருந்ததை வைத்து ஒட்டினார்கள். அதனால்தான் நிக் மேசன் அந்தப் பாட்டில் கதாநாயகன் ஆனார். அந்தக் குச்சியைப் பார்த்தாயா?

நான்: பார்த்தேன். கையிலிருந்து நழுவிப் போகிறது. அவர் அசரவே இல்லை. இன்னொரு கை அடித்துக்கொண்டே இருக்கிறது, அதற்குள் வேறொரு குச்சியை எடுத்துக்கொள்கிறார். தாளம் ஒரு நூல் கூடப் பிசகவில்லை. நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

மாமா: நான் நானூறு தடவை பார்த்திருப்பேன். இன்றைக்கென்றால் இரண்டாவது டேக் எடுத்து அதை வெட்டிவிடுவார்கள்.

அப்பா: கூட்டத்தோடு எடுத்த படமே இல்லையா அவர்களுக்கு?

மாமா: இருக்கிறதே. 1994இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் எடுத்த 'பல்ஸ்'. லேசர், பெரிய வட்டத் திரை, எல்லாம் உண்டு. அது தேர்த் திருவிழா, அத்தான். பொம்பெய் படம் நடை சாத்தின பிறகு கோயிலுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர் 2016இல் இதே அரங்குக்குத் திரும்பி வந்து, ரசிகர்களை வைத்தே வாசித்தார். வாணவேடிக்கை எல்லாம் இருந்தது. எனக்கு ஒட்டவில்லை.

சித்தி: அண்ணா, நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு நாய் பாடுகிறது!

மாமா: பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்தது. பெயர் நாப்ஸ். கில்மர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார், அது ஊளையிடுகிறது. அந்த நாயைத்தான் பலர் திட்டுவார்கள்.

சித்தி: ஏன் திட்ட வேண்டும்? சுருதியில்தான் நிற்கிறது. நான் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் இதைவிட மோசம்.

நான்: சித்தி, எந்த இரண்டு பேர்?

சித்தி: அவர்கள் அம்மாக்கள் இரண்டு பேரும் என் ஸ்டேட்டஸ் பார்க்கிறார்கள். விடு. வேறொன்றில் யாரோ கேன்டீனில் உட்கார்ந்து ஓரமில்லாத பை வேண்டும் என்கிறார். பைக்கு ஏது ஓரம்?

அக்கா: துணிப்பை இல்லை சித்தி, ஆப்பிள் வைத்துச் சுடுகிற பண்டம்.

மாமா: அது 1974இல் வந்த பதிப்பில் சேர்த்தது. அவர்களுடைய 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் பதிவு செய்த லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவின் கேன்டீன் அது. படத்தின் மந்திரத்தைக் கலைக்கிறது என்பார்கள், எனக்கென்னவோ அதுவும் பிடிக்கும். 2025இல் மூல 35 மி.மீ. சுருளிலிருந்து 4கே-யில் புதுப்பித்துத் தியேட்டரில் விட்டார்களே, அதில் கல் படியின் புழுதி கூடத் தெரிகிறது. ஒலியைத் திருத்தினவர் ஸ்டீவன் வில்சன். அக்கா, ஆன்லைனில் இருக்கிறாயா? நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டி அனுப்பேன்.

அம்மா: குரல் பதிவு, 0:11

மாமா: என்ன அக்கா, கை தட்டல் கேட்கவே இல்லையே. அத்தான் தண்ணீர் பாட்டில் கேட்பதுதான் கேட்கிறது.

அம்மா: அதுதான் நன்றாக எதிரொலித்தது.