மதிய உணவுக்குத் தனியாகப் போகும் பொறியாளர்: குறை யாரிடம்?

கொங்குப்பொறியாளன் எழுதியது:

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் கிடைத்த அப்ரைசல் (பணி மதிப்பீட்டு) குறிப்பில் என் வேலைத்திறனைப் பாராட்டியிருந்த மேலாளர், கடைசி வரியில் "டீமோடு ஒட்டுவதில்லை, வழக்கமான பொறியாளர் குணம்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் சொல்லப்படும் குணம் என்னோடு பிறந்ததன்று.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் நானே முதல் பட்டதாரி என்பதால், 2010-11இல் தமிழக அரசு தொடங்கிய கல்விக் கட்டணச் சலுகையின் உதவியோடு பொறியியலில் சேர்ந்தேன். ஈரோட்டுப் பக்கம் உள்ள அந்தத் தனியார் கல்லூரியில் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டால் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள். பேருந்தின் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. நூலகத்தில்கூடத் தனித்தனி மேசைகள். வாயை மூடியிருப்பதே ஒழுக்கம் என்று நான்கு ஆண்டுகள் பழக்கிவிட்டு, பட்டம் வாங்கிய கையோடு பன்னிரண்டு பேர் கலகலவென்று பேசும் சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் பேச்சு எங்கிருந்து வரும்? அந்த மேசையிலும் பெரும்பாலும் இந்திதான். எனக்குப் பாதி புரியும். புரிந்ததற்குச் சிரிக்க முனைவதற்குள் பேச்சு வேறிடம் போயிருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலிருந்து தனியாகவே சாப்பிடப் போகிறேன். பொறியாளர் என்றாலே இப்படித்தான் என்ற பொது எண்ணம், என்னை இப்படி ஆக்கிய காரணங்களைப் பார்க்கவிடாமல் மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

ஏரிக்கரை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், பதினைந்து ஆண்டுகளாக டீம் நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். உங்கள் கல்லூரியைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை நானும் வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு கணக்குச் சரிபார்ப்பு மென்பொருளை வெளியிட இருந்தோம். ஒரே பணப் பரிமாற்றம் இரண்டு முறை பதிவாகும் பிழை ஒன்றை எங்கள் டீமில் இருந்த இளைஞர் செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு ரிலீஸ் முடிந்து, வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை சார்" என்றார். அவருக்கும் என்னுடைய மேசைக்கும் நடுவே எட்டு அடி தூரம்கூட இல்லை. பழகுதல் என்று நான் சொல்வது பிறந்தநாள் கேக் வெட்டும்போது கைதட்டுவதையன்று; ஒரு கெட்ட செய்தியைத் தயங்காமல் இன்னொருவரிடம் கொண்டுபோகும் அளவுக்கு மனிதர்களை அறிந்து வைத்திருப்பதைத்தான். அது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையிலும் டீக்கடை வாசலிலும்தான் உண்டாகிறது. கல்லூரி நான்கு ஆண்டுகள் வாயைக் கட்டியது என்கிறீர்கள். அதன்பின் நான்கு ஆண்டுகள் இந்த ஊரில் இருந்துவிட்டீர்களே, இந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

சோதனையாளர் எழுதியது:

நான் பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கும் பெண். இருவரும் ஒரு கேள்வியைக் கேட்காமலே கடந்துவிட்டீர்கள்: இந்த "வழக்கமான பொறியாளர் குணம்" எப்போது வழக்கமாயிற்று?

1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கூடிப் பேசி, ஒருவர் பிழையை மற்றவர் பிடித்து வேலை செய்தவர்கள் அவர்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 1966இல், வில்லியம் கேனன், டல்லிஸ் பெர்ரி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் 1,378 நிரலாளர்களை ஆராய்ந்து, நல்ல நிரலாளருக்குப் புதிர்களில் விருப்பம் இருக்கும், மனிதர்களில் ஆர்வம் இருக்காது என்று எழுதினார்கள். அந்த 1,378 பேரில் பெண்கள் 186 பேர் மட்டுமே. அத்தகைய அளவுகோல்களை வைத்து நிறுவனங்கள் ஆள் எடுத்தபோது, மனிதர்களிடம் ஒட்டாதவர்களைத் தேடித்தேடிச் சேர்த்துக்கொண்டு, பிறகு இந்தத் தொழிலே அப்படித்தான் என்று சொல்ல வழி பிறந்தது. சேர்க்கும்போதே சல்லடையில் சலித்துவிட்டு, கீழே விழுந்ததைப் பார்த்து இதுதான் இயற்கை என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

2009இல் உளவியலாளர் சப்னா செரியனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். கணினித் துறை அறையில் அறிவியல் புனைகதைச் சுவரொட்டிகளும் காலி குளிர்பான டப்பாக்களும் கிடந்தால் பெண்களின் ஆர்வம் குறைந்தது. இயற்கைக் காட்சிப் படங்களும் சாதாரணப் பொருள்களும் இருந்தபோது குறையவில்லை. பாடமோ வேலையோ மாறவில்லை. "இங்கே இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்" என்ற சைகை மட்டுமே மாறியது.

கொங்குப்பொறியாளன் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், மனம் வருந்த வேண்டாம். இந்த முத்திரை உங்களைக் காயப்படுத்துவது உண்மை. ஆனால் இதே முத்திரை பல ஆண்களுக்குக் கேடயமாகவும் இருப்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். எங்கள் தளத்தில் ஒருவர் கோடு ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்துக் கருத்து எழுதும் வேலையில்) புதியவர்களை அழவைக்கும் அளவுக்கு எழுதுவார். கேட்டால், "அவர் அப்படித்தான், ஆனால் மூளைக்காரர்" என்பார்கள். அவரைப் போலவே குறைவாகப் பேசும் என் தோழிக்குக் கிடைத்த பெயர் "திமிர் பிடித்தவள்".

ஜாலஹள்ளிவாசி எழுதியது:

நான் வயதானவன், ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளன். பெங்களூரு ஜாலஹள்ளியில் 1950களில் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன; அப்படிப்பட்ட ஓர் ஆலையில் 1974இல் சேர்ந்தேன். வேலூரிலிருந்து வந்த எனக்கு அப்போது கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் பேசாமல் இருக்க வழியும் இல்லை. நான் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவர் என்னைவிட இருபது வயது மூத்த கன்னடக்காரர். "இந்த அளவு வராது சாமி, வேறு வழி பாருங்கள்" என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தொழில் தெரிந்தது. ஆலைப் பேருந்து ஒன்று, கேண்டீன் ஒன்று, குடியிருப்பும் ஒன்று. "ஊட்ட ஆய்த்தா?" (சாப்பாடு ஆயிற்றா?) என்று கேட்காமல் யாரும் யாரையும் கடந்து போனதில்லை. எங்களில் கூச்சப்படுகிறவர்கள் இல்லையா என்றால், ஏராளமாக இருந்தார்கள். அவர்களையும் வேலை பேசவைத்தது. இன்று தனித்தனியாகத் திரைக்கு முன் உட்காரவைத்து, செவியில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பழகவில்லையே என்று குறை எழுதுகிறார்கள். இதில் தம்பியின் பக்கம்தான் நான்.

ஆயினும் ஒரு கேள்வி உண்டு. சாப்பாட்டு மேசையில் இந்தி என்று வருந்துகிறீர்கள், நியாயம். நான்கு ஆண்டுகளில் கன்னடம் எவ்வளவு கற்றுக்கொண்டீர்கள்? உங்கள் அலுவலகத்தில் வாயிற்காவலர், கேண்டீன் பரிமாறுபவர், வண்டி ஓட்டுநர் ஆகியோருடன் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் வாய் தானாகத் திறந்திருக்கும்.

கொங்குப்பொறியாளன் எழுதியது:

ஐயா கேட்டதற்கு நேர்மையான பதில், கடையில் பேரம் பேசும் அளவுக்குக்கூடக் கற்கவில்லை என்பதுதான். பிஜி விடுதியில் சுற்றிலும் நம்மவர்கள் என்பதால் தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் தவறு.

ஆனால் ஏரிக்கரை அண்ணனின் கதைக்கு மறுப்பு உண்டு. பொறியாளர் பேசாததால்தான் விபத்து என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. 1986 ஜனவரி 27 மாலை, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய நாள், ராக்கெட் மோட்டார் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் தெளிவாகவே பேசினார்கள்: மோட்டாரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது. ரோஜர் பாய்ஜாலி என்ற பொறியாளர் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுத்திலும் எச்சரித்திருந்தார். நிர்வாகம் தனியே கலந்து பேசி அந்த முடிவை மாற்றியது. மறுநாள் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அங்கே குறைந்தது பேச்சன்று, கேட்கும் செவிதான். உங்கள் டீமில் அந்த இளைஞர் அதற்கு முன் ஏதேனும் ஒரு பிழையைச் சொல்லி, "இப்போது இது எதற்கு" என்ற பதிலை வாங்கியிருந்தாரா என்று நீங்கள் விசாரித்தீர்களா?

ஏரிக்கரை எழுதியது:

அப்போது விசாரிக்கவில்லை. இந்தக் கேள்வியைப் படித்த பின் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய மாதம் அவர் ஒரு பிழையைக் கூட்டத்தில் சொன்னபோது, நேரமாகிறது, பிறகு பார்ப்போம் என்று நானே கடந்து போனது நினைவுக்கு வருகிறது. பிறகு பார்க்கவும் இல்லை.

சேலஞ்சர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பொறியாளர்கள் காட்டிய வரைபடங்களில் குளிருக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படும்படி வரையப்படவில்லை என்று தரவு வரைபட வல்லுநர் எட்வர்ட் டஃப்டி பின்னர் வாதிட்டார். அதைப் பொறியாளர்கள் தரப்பு மறுத்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, கேட்பவரின் மனம் கொள்ளும்படி சொல்வதும் பொறியியலின் ஒரு பகுதிதான்; அந்தக் கடமையிலிருந்து உங்களுக்கு விலக்குத் தர நான் இன்னமும் தயாரில்லை. உங்கள் மேலாளர் எழுதிய வரி மட்டும் தவறு. எந்தக் கூட்டத்தில், எந்த வேலையில், என்ன செய்யத் தவறினீர்கள் என்று எழுதாமல் ஒரு தொழிலின் பெயரைக் குணமாக எழுதுவது மதிப்பீடாகாது. அந்தச் சம்பவங்களைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

சோதனையாளர் எழுதியது:

கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள் தம்பி: கூட்டத்துக்கு முந்தைய நாளே பேசவிருக்கும் பொருளை அனுப்ப முடியுமா என்று. எங்கள் டீமில் அதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து, வாயே திறக்காத இரண்டு பேர் எழுதிக்கொண்டு வந்து பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், இந்தியும் ஆங்கிலமும் அவருக்கும் கடினமே. மேசையில் யாருக்கேனும் விளங்காத மொழி ஓடினால், "கொஞ்சம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று நானே குறுக்கிடுகிறேன். முதல் வாரம் முகம் சுளித்தார்கள், இப்போது சுளிப்பதில்லை.

ஏரிக்கரை அண்ணனே, இந்த முத்திரை சிலருக்குக் கேடயமாவது பற்றி நான் எழுப்பிய விஷயம் அப்படியே நிற்கிறது. குறைவாகப் பேசியதற்காக இந்தத் தம்பிக்கு அப்ரைசலில் ஒரு வரி விழுந்தது. கோடு ரிவ்யூவில் புதியவர்களை அழவைக்கும் அந்த மூளைக்காரர் உங்கள் டீமில் இருந்தால், அவருடைய குறிப்பில் என்ன எழுதுவீர்கள்?