ரோட்டில் ஓட்டவும் விற்ற ரேஸ் கார்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

(ஸ்டுட்கார்ட்டிலிருந்து)

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்துப் பக்கம் போனவர்களுக்கு டோட்டிங்கர் ஹோஹே பெட்ரோல் பங்க் தெரிந்திருக்கும். பெட்ரோல் போடுகிற கூட்டத்தைவிட, உள்ளே இருக்கும் மாடல் கார் கடையில் நிற்கிற கூட்டம்தான் பெரிது. அங்கேதான் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ எம்3-யை ஒட்டி நின்று பார்த்தேன். 80-களில் வந்த ஈ30 தலைமுறை. ரேஸ் கார் இல்லை, நம்பர் பிளேட் மாட்டிய சொந்த வண்டி.

எம்3-க்கு அடிப்படையான சாதாரண 3 சீரிஸ் பக்கத்தில் நின்றால்தான் வித்தியாசம் பிடிபடும். நாலு சக்கரத்துக்கு மேலும் தகடு புடைத்திருக்கிறது. பின்கண்ணாடி இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, டிக்கி மூடி உயர்ந்திருக்கிறது. கூரையைத் தாண்டி வரும் காற்று சிதறாமல் ஸ்பாய்லரில் போய் விழ வேண்டும், அதற்காகத்தான். ஒரு கண்ணாடியின் சாய்வுக்கு இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், ஷோரூம் கார்களை ஓட்டும் குரூப் ஏ என்ற பந்தயப் பிரிவின் விதி. எந்த வடிவத்தில் பந்தயம் ஓட ஆசையோ, அதே வடிவத்தில் 12 மாதத்தில் 5,000 வண்டி செய்தாக வேண்டும்.

நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கவனித்த உரிமையாளர், வயதானவர், கதவைத் திறந்து "உட்காருங்கள்" என்றார். கியர் குமிழில் 1 என்ற எண் இடது கீழ் மூலையில் இருக்கிறது. ரேஸில் முதல் கியர் புறப்படுவதற்கு மட்டும்தான். அப்புறம் இரண்டும் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில், நான்கும் ஐந்தும் ஒரே நேர்க்கோட்டில். ரொட்டி வாங்கப் போகும்போதும் அதே கியர்தான் என்று சிரித்தார். 2.3 லிட்டர், நாலு சிலிண்டர். ரோட்டில் சுமார் 200 குதிரைத்திறன், ரேஸில் 300 வரை இழுத்தார்கள். 1987-ல் எம்3 ஓட்டிய ராபர்ட்டோ ரவாலியாவுக்கு உலக டூரிங் கார் (ரோட்டு கார்களைத் திருத்தி ஓட்டும் பந்தயம்) பட்டம். அதே ஆண்டு ஜெர்மன் டூரிங் கார் போட்டியான டிடிஎம்-இன் பட்டம், இன்னொரு எம்3 ஓட்டிய எரிக் வான் டெ போலேவுக்கு, அதுவும் ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் வராமல்! ஒவ்வொரு முறையும் புள்ளி சேர்த்தே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

மெர்சிடிஸ் கதையும் இதே நூர்பர்க்ரிங்கில்தான். 1984 மே 12, புதிய டிராக் திறப்பு விழா. பெரிய பெயர்களையெல்லாம் கூப்பிட்டு ஒரே மாதிரி 190 ஈ 2.3-16 கொடுத்து ஓட விட்டார்கள். ஃபார்முலா 1 சாம்பியன் நிக்கி லவுடாவைப் பின்னால் தள்ளி ஜெயித்தது, பின்னாளில் அதே பட்டம் வென்ற, அப்போது பலருக்கும் பெயர் தெரியாத அயர்ட்டன் சென்னா. ஆனால் அந்த 190-இன் உச்சம் 1990-ல் வந்த எவோ 2. முதலில் 5,000 செய்துவிட்டால், அடுத்த திருத்தத்துக்கு 500 போதும் என்றது விதி. 502 செய்தார்கள். அந்தப் பின்பக்க றெக்கையைப் படத்தில் பார்த்தால் கேலியாகத்தான் தோன்றும். நேரில் பார்த்தால் கேலி வராது: அவ்வளவு உயரம், நுனியைத் திருப்பி வைக்கவும் வசதி. விலை ஒரு லட்சத்து 15 ஆயிரம் மார்க்குக்கு மேல். 1992-ல் கிளவுஸ் லுட்விக் அதில் டிடிஎம் பட்டம் வென்றார்.

ஆடி வி8-ஐயும் சொல்லியாக வேண்டும். முதலாளிகள் பின்சீட்டில் உட்கார்ந்து போகிற சைஸ் வண்டியை வைத்து 1990-ல் ஹான்ஸ் யோவாக்கிம் ஸ்டுக், 1991-ல் ஃபிராங்க் பீலா டிடிஎம் பட்டம் வென்றார்கள். 1992-ல் என்ஜினின் கிராங்க்ஷாஃப்ட் விதிப்படி இல்லை என்று தகராறு வந்து, பருவத்தின் நடுவிலேயே மூட்டை கட்டினார்கள்.

1993-க்குப் பிறகு டிடிஎம்-க்கு வந்தவை எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஓப்பல் காலிப்ரா, ஆல்ஃபா 155 எல்லாம் அபாரமான இயந்திரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷோரூமில் இருந்த வண்டிக்கும் அதற்கும் முகம் மட்டும்தான் ஒன்று. செலவு எகிறி, 1996 முடிவில் போட்டியே நின்றுபோனது. அந்தக் காரை நீங்கள் பெட்ரோல் பங்கில் சந்திக்கவே முடியாது.

(மியூனிக்கிலிருந்து)

அண்ணா, எம்3-க்கு முன்னால் பி.எம்.டபிள்யூவின் 3.0 சிஎஸ்எல் இருக்கிறதே! இங்கே ஒரு பழைய கார் சந்திப்பில் வெள்ளை நிறத்தில் ஒன்று வந்திருந்தது. பின்னால் பெரிய றெக்கை, முன் மட்கார்டு மேல் நீளவாக்கில் இரண்டு துடுப்பு. 'பேட்மொபீல்' (பேட்மேனின் கார்) என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. உரிமையாளர் டிக்கியைத் திறந்து தட்டிக் காட்டி, "றெக்கை இங்கே படுத்துக்கொண்டுதான் வந்தது" என்றார். 1973-ல் அந்த றெக்கைக்கு ஜெர்மன் சாலைச் சட்டத்தில் அனுமதி இல்லை. அதனால் கழற்றி டிக்கியில் போட்டே விற்றார்கள். வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்வது உங்கள் பாடு. விதியை மதித்த மாதிரியும் ஆச்சு, பந்தயத்துக்கு வழியும் ஆச்சு. அந்த ஆண்டு ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் அதற்குத்தான், அப்புறம் 1975 முதல் 1979 வரை தொடர்ந்து. 1975-ல் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் வர்ணம் பூசிக் கொடுத்து, பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடியதும் சிஎஸ்எல்தான். பாதியில் நின்றுவிட்டது, பரவாயில்லை.

எடையைக் குறைக்கக் கதவு, பானெட், டிக்கி மூடியெல்லாம் அலுமினியத்தில். "சாய்ந்து நிற்காதீர்கள், பள்ளம் விழும்" என்று மனிதர் எல்லாரையும் விரட்டிக்கொண்டே இருந்தார்.

(மறுபடி ஸ்டுட்கார்ட், வேறொருவர்)

நீங்கள் இருவரும் சொன்னது ஒல்லி வண்டிகள். நான் பார்த்தது ஒரு யானை. மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.8, ஏஎம்ஜி. ஜெர்மனியில் 'ரோட்டே ஸாவ்', சிவப்புப் பன்றி என்பார்கள். 1971-ல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில், ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த செடான், 428 குதிரைத்திறனோடு வந்து இரண்டாம் இடம் பிடித்தது. ஓட்டியவர்கள் ஹான்ஸ் ஹையர், கிளெமென்ஸ் ஷிக்கன்டான்ஸ். ஏஎம்ஜி அப்போது தொடங்கி நாலு வருடமே ஆன சின்னப் பட்டறை. ஊருக்கே பெயர் தெரிந்தது அன்றைக்குத்தான்.

நான் பார்த்தது அசல் இல்லை, ஏஎம்ஜி பிற்பாடு கட்டிய நகல். அசலை மாத்ரா என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்றார்கள். அங்கே விமானச் சக்கரங்களைச் சோதிக்க அதை வெட்டி நீட்டித்தார்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் நகல் ஸ்டார்ட் ஆனபோது நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, ஒரு கேள்வி. 1992-ல் ஹாக்கன்ஹைம் டிராக்கில் முன்னாள் ஃபார்முலா 1 சாம்பியன் கேக்கே ரோஸ்பெர்க்கை இரண்டாவதாக்கி எல்லன் லோர் என்ற பெண் 190 எவோ 2-வில் டிடிஎம் பந்தயம் ஜெயித்தாரே, அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் இங்கே யாராவது உண்டா?