எக்ஸ்-மென் அனிமேஷன் தொடர்: வெறுப்பு எந்தக் காட்சியில் எப்படி வேலை செய்கிறது?

செங்காந்தள்

1992 முதல் 1997 வரை 76 எபிசோடு ஓடிய எக்ஸ்-மென் அனிமேஷன் தொடர், அதன் தொடர்ச்சியாக 2024-ல் வந்த எக்ஸ்-மென் '97, இந்த இரண்டுக்கும் சேர்த்து இந்தத் திரி. பிறவியிலேயே அசாதாரண சக்தி கொண்டவர்கள்தான் மியூட்டன்ட்டுகள், அவர்களில் ஒரு குழுதான் எக்ஸ்-மென். "மனிதர்கள் மியூட்டன்ட்டுகளை வெறுக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். பாத்திரங்கள் வெறுப்பை நேருக்கு நேர் சந்திக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்து எழுதுங்கள். கதை முழுக்க உடைபடும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

தொடக்க எபிசோடுகளான 'நைட் ஆஃப் தி சென்டினல்ஸ்' இரண்டு பாகங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். ஜூபிலியின் வளர்ப்புப் பெற்றோர் டிவியில் சேபர்டூத் என்ற மூர்க்கமான மியூட்டன்ட் நடத்தும் அட்டகாசத்தைப் பார்க்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணும் மியூட்டன்ட் என்பதால் பயம் வருகிறது. வளர்ப்புத் தந்தை அவளை மியூட்டன்ட் கண்ட்ரோல் ஏஜென்சியில் பதிவுசெய்துவிடுகிறார். அவர் கெட்டவர் இல்லை. அரசு அலுவலகம், உதவி செய்வார்கள் என்றுதான் நம்புகிறார். அந்த அலுவலகத்தில் சேரும் விவரங்கள் ரகசியமாக, மியூட்டன்ட்டுகளை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்களை உருவாக்குகிறவர்களுக்குப் போகின்றன. பிறகு ஒரு சென்டினல் அவளைத் தேடி ஷாப்பிங் மாலுக்கே வந்து நிற்கிறது.

வரிசையைக் கவனியுங்கள்: செய்தி, பயம், பதிவேடு, கோப்பு, இயந்திரம். இந்தச் சங்கிலியில் ஜூபிலியைத் தனிப்பட்ட முறையில் வெறுப்பவர் யாருமே இல்லை. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு சின்ன வேலையைச் செய்கிறார், கடைசியில் இருபதடி உயர ரோபோ ஒரு சிறுமியின் முன்னால் நிற்கிறது. எக்ஸ்-மென் குழு சண்டைக்குப் போகும் முதல் இலக்கும் அந்த ஏஜென்சியின் கோப்புகள்தான். தொடரை உருவாக்கியவர்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாக்குதலில்தான் குழுவின் மார்ஃப் உயிரிழந்ததாகக் காட்டப்படுகிறார், இன்னொரு உறுப்பினர் பீஸ்ட் பிடிபடுகிறார். சிறுவர் கார்ட்டூன் ஒன்று இரண்டாவது எபிசோடிலேயே இவ்வளவு விலை கொடுத்ததை இன்றைக்கும் பாராட்டத்தான் வேண்டும்.

கடைசிப்பக்கம்

அங்கிருந்தே தொடர்கிறேன். மூன்றாவது எபிசோடு, 'என்டர் மேக்னீட்டோ'. பீஸ்ட் சிறையில் இருக்கிறார். மனிதர்களோடு மோதியே தீர வேண்டும் என்று நம்பும் மியூட்டன்ட் மேக்னீட்டோ சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்து "வா, போகலாம்" என்கிறார். பீஸ்ட் மறுக்கிறார். நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்வதாகச் சொல்கிறார்.

இதைக் காந்திய அகிம்சையாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். பீஸ்ட் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரசுக் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்தது அவர் செய்த செயல், அதற்கு விசாரணை நடத்துங்கள் என்கிறார். பிறப்பால் மியூட்டன்ட் என்பது செயல் கிடையாது, அதற்குப் பதிவேடு எதற்கு? சட்டத்தை மதிப்பதும் பதிவேட்டை எதிர்ப்பதும் அவருக்கு ஒரே நிலைப்பாடு.

தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்காத அந்த மனிதருக்கு ஜாமீன் மறுக்கப்படுகிறது. முதல் சீசன் முழுக்க அவர் சிறையில்தான். குழுவின் முக்கிய உறுப்பினர் ஒருவரைக் கதை அத்தனை காலம் உள்ளேயே உட்கார வைத்திருக்கிறது. அநீதிக்குத் தொடர் கொடுக்கும் எடை அந்தக் கால அளவில் இருக்கிறது. ஒரே எபிசோடில் மீட்டிருந்தால் அது வெறும் சாகசமாகப் போயிருக்கும்.

கருப்புவெள்ளை

ஒரு ஆட்சேபம். நிஜ உலகத்துல ஒடுக்கப்படுறவங்க யாருக்கும் கண்ணுல இருந்து கதிர் வராது. மியூட்டன்ட்டுக்கு வரும். எக்ஸ்-மென் குழுவுல இருக்கிற ரோக் தொட்டா எதிராளி மயங்கி விழுறார். அப்போ மக்கள் பயப்படுறதுல நியாயம் இருக்குதானே? இந்த உருவகம் அந்த இடத்துல நொண்டுது.

செங்காந்தள்

நொண்டுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தொடர் அதை மறைக்கவும் இல்லை. முன்னால் சொன்ன செயல், பிறப்பு வேறுபாடுதான் அதற்கு அவர்கள் தரும் பதில். சேபர்டூத் செய்ததற்கு சேபர்டூத்தைப் பிடிக்கலாம். ஜூபிலி பெயரை எழுதி வைப்பதற்கு அதில் எந்த நியாயமும் பிறப்பதில்லை.

ரோக் பற்றிச் சொன்னதால் 'தி க்யூர்' எபிசோடைப் பாருங்கள், முதல் சீசனில் ஒன்பதாவது. மியூட்டன்ட் தன்மையையே நீக்கும் சிகிச்சை என்று கேள்விப்பட்டு ரோக் மியூர் தீவுக்குப் போகிறாள். அவளுடைய ஆசை வெட்கத்தில் பிறந்தது இல்லை. பிடித்தவரின் கையைத் தொட முடியாத வலி அது. அதனால் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சிகிச்சை தருவதாகச் சொல்லும் டாக்டர் ஆட்லரின் வேடத்தில் இருப்பது உருமாறும் மியூட்டன்ட் மிஸ்டிக், பின்னால் இருப்பது அபோகலிப்ஸ் என்ற வில்லன். விரக்தியோடு வருகிறவர்களைத் தன் அடிமைகளாக மாற்ற விரித்த வலை அது. இறக்கையை விட்டொழிக்க வந்த வாரன் வொர்திங்டன் அதில் சிக்கித்தான் அபோகலிப்ஸின் அடியாள் ஆர்க்கேஞ்சல் ஆகிறார்.

"உன்னைச் சரிசெய்கிறேன்" என்று வருகிறவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று பார்க்கச் சொல்கிறது எபிசோடு. ரோக் கடைசியில் சிகிச்சை வேண்டாம் என்கிறாள். அவள் வலி மட்டும் தீரவில்லை, அடுத்தடுத்த சீசன்களிலும் கூடவே வருகிறது. இங்கே தொடர் நேர்மையாக இருக்கிறது.

நடுச்சாமம்

மொத்தத் தொடரிலும் எனக்கு ஒரே ஒரு காட்சியைத்தான் தேர்வு செய்ய முடியும் என்றால், முதல் சீசனின் கடைசி எபிசோடு 'தி ஃபைனல் டிசிஷன்'. சென்டினல்களை வடிவமைத்த பொலிவர் டிராஸ்க்குக்கும், அவற்றை உற்பத்தி செய்யும் மாஸ்டர் மோல்டுக்கும் நடக்கும் பேச்சு.

மியூட்டன்ட்டிடமிருந்து மனிதரைக் காப்பாற்றுவதே உன் வேலை என்கிறார் டிராஸ்க். அது தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லை என்கிறது இயந்திரம். மியூட்டன்ட்டுகளும் மனிதர்களே, ஆகவே மனிதர்களை மனிதர்களிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதன்படி எல்லோரையும் ஆள முற்படுகிறது.

டிராஸ்க்கின் மொத்தத் திட்டமும் ஒரு பொய்யின் மேல் நின்றது: மியூட்டன்ட் மனித இனமே இல்லை என்ற பொய். மனிதர்கள் அந்தப் பொய்யை வசதியாக நம்பினார்கள். இயந்திரத்துக்கு அந்த வசதி தேவைப்படவில்லை, தரவைப் பார்த்தது, உண்மையைச் சொன்னது. மியூட்டன்ட்டுகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று அந்தக் கதையில் உள்ள மனிதர்கள் ஒப்புக்கொள்ளும் முன்பே, அவர்களை அழிக்கக் கட்டிய கருவி ஒப்புக்கொள்கிறது. வில்லன் வாயிலிருந்து உண்மை, அதுவும் மிக மோசமான முடிவோடு. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும், அறுபது வயதில் இன்னும் ஆழமாகப் புரியும்.

அதே எபிசோடில் செனட்டர் ராபர்ட் கெல்லியையும் விட்டுவிடக் கூடாது. மியூட்டன்ட் எதிர்ப்பை வைத்தே அதிபர் தேர்தலுக்கு நின்றவர். மாஸ்டர் மோல்டிடமிருந்து எக்ஸ்-மென் அவரைக் காப்பாற்றியபின் மாறுகிறார், அதிபரானதும் பீஸ்ட்டுக்கு மன்னிப்பு வழங்குகிறார். அத்தோடு சுபம் என்று நினைத்தால் இரண்டாவது சீசன் தெருக் கலவரத்தோடு தொடங்குகிறது. அவர் மேடை மேடையாகப் பேசி மூட்டிய தீ அவர் மனம் மாறியதும் அணைந்துவிடவில்லை.

பனைநிழல்

கலவரம் செய்யும் அந்தக் கூட்டம்தான் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஹியுமானிட்டி'. தலைவர் கிரேடன் க்ரீட். இரண்டாவது சீசனின் 'டைம் ஃப்யுஜிடிவ்ஸ்' இரண்டு பாகங்களில் கொள்ளைநோயை மியூட்டன்ட்டுகள் பரப்புகிறார்கள் என்று பிரச்சாரம் செய்வார்கள். பரப்புவது அவர்கள் ஆட்களே. நோய் பயத்தை ஒரு சமூகத்தின் மேல் திருப்புவது எப்படி என்று படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள்.

அதே சீசனின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' எபிசோடில், பார்வையற்ற கார்லி என்ற பெண்ணுக்குச் சிகிச்சை தருகிறார் பீஸ்ட். இருவருக்கும் அன்பு மலர்கிறது. மகளுக்குப் பார்வை தரப்போகிற மருத்துவரையே அவள் அப்பா ஏற்க மறுக்கிறார். கார்லியைக் கடத்துகிறது க்ரீட் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் உளவாளியாகச் சேர்ந்த எக்ஸ்-மென் வீரர் வுல்வரின், க்ரீட்டின் அப்பா யார் என்பதை அவன் ஆட்கள் முன்னாலேயே ஹோலோகிராம் போட்டு உடைக்கிறார். அப்பா சேபர்டூத். க்ரீட் சுருண்டு போகிறான், சுற்றி நின்றவர்கள் விலகுகிறார்கள்.

பலர் இதைக் கைதட்டும் காட்சியாகவே பார்க்கிறார்கள். எனக்கு அதில் ஒரு உறுத்தல் உண்டு. அவன் செய்த கொடுமைகளுக்காக ஆட்கள் அவனைக் கைவிடவில்லை. ரத்த உறவு தெரிந்ததால் கைவிட்டார்கள். வெறுப்பு அப்படியே இருக்கிறது, குறி மட்டும் மாறியிருக்கிறது. திரைக்கதை இதை வேண்டுமென்றே செய்ததா என்று விவாதிக்கலாம், ஆனால் திரையில் இருப்பது இதுதான்.

கடைசிப்பக்கம்

தோற்றத்தை மறைக்க முடிகிறவர், முடியாதவர் என்ற பிரிவையும் சேர்க்க வேண்டும். சாக்கடைச் சுரங்கத்தில் வாழும் மோர்லாக்குகள் ஐந்தாவது எபிசோடில் வருகிறார்கள். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கடைவீதியில் நடந்தால் யாருக்கும் தெரியாது, மோர்லாக்குகளால் மேலே வரவே முடியாது. எக்ஸ்-மென் மாளிகையின் வசதியும் இவர்களின் இருட்டும் ஒரே எபிசோடில் எதிரெதிரே வருகின்றன. நான்காவது சீசனில் நைட்கிராலர் இன்னொரு கோணம். நீல உடல், வால், பிசாசைப் போன்ற முகம், உள்ளேயோ மடத்தில் வாழும் ஆழ்ந்த இறைநம்பிக்கை. சினத்திலேயே வாழ்ந்த வுல்வரின் கடைசியில் ஆலயத்தில் மண்டியிடுகிறார்.

கருப்புவெள்ளை

சரி, ஆட்சேபத்தைப் பாதி வாபஸ் வாங்குறேன். '97 பத்தி யாராவது?

நடுச்சாமம்

'97-ஐப் பார்க்கும் முன் பழைய தொடரின் ஏழாவது எபிசோடு 'ஸ்லேவ் ஐலண்ட்' கட்டாயம். ஜெனோஷா என்ற தீவு மியூட்டன்ட்டுகளை வரவேற்கிறது என்ற விளம்பரத்தை நம்பி எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்ம், கேம்பிட், ஜூபிலி போகிறார்கள். கழுத்தில் சக்தியை அடக்கும் பட்டை மாட்டி அணை கட்ட வைக்கிறார்கள். '97-ல் அதே தீவு மியூட்டன்ட்டுகளின் தேசமாகி ஐ.நா. அங்கீகாரம் பெறுகிறது. ஐந்தாவது எபிசோடு 'ரிமெம்பர் இட்'டில் அது ஒரே இரவில் தரைமட்டமாகிறது. கழுத்துப் பட்டையைப் பார்க்காமல் இந்த இழப்பின் அளவு பிடிபடாது. அதன்பின் அரசு அதிகாரி வேலரி கூப்பர், மேக்னீட்டோ சொன்னதுதான் சரியாக இருந்தது என்று ஒப்புக்கொண்டு அவரையே விடுவிக்கிறார்.

சண்டையே இல்லாத ஒரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். '97-ல் வரும் பணக்கார வீட்டுப் பையன் ராபர்ட்டோ தன் அம்மாவிடம் தான் மியூட்டன்ட் என்று சொல்கிறான். அம்மா ஏற்றுக்கொள்கிறார், ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது. குடும்ப நிறுவனத்தின் பெயர் கெடக் கூடாதென்று, தேடி வந்தவர்களிடம் மகனையே விட்டுக்கொடுக்கிறார். ஜூபிலியின் வளர்ப்புத் தந்தையாவது உதவி கிடைக்கும் என்று நம்பினார். இவருக்குத் தெரிந்தே நடக்கிறது.

பனைநிழல்

இதே '97-ல் டிராஸ்க்கே பிரைம் சென்டினலாக, அதாவது மனிதரும் இயந்திரமும் கலந்த சென்டினலாக, மாற்றப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சீசனில் மாஸ்டர் மோல்டு சொன்னது இங்கே மனித உடம்புக்குள்ளேயே வந்துவிட்டது.

செங்காந்தள்

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு வரிசை. பழைய தொடர் முதல் சீசனில் 1, 2, 3, 5, 7, 9, பிறகு 11 முதல் 13 வரை தொடர்ச்சியாக. இரண்டாவது சீசனில் 'டில் டெத் டூ அஸ் பார்ட்', 'டைம் ஃப்யுஜிடிவ்ஸ்', 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. நான்காவதில் 'ஒன் மேன்ஸ் வொர்த்', 'நைட்கிராலர்'. 'ஒன் மேன்ஸ் வொர்த்' முதல் பாகத்தில் 1959-க்குப் போகும் ஸ்டார்மும் வுல்வரினும் தம்பதியாக உணவகத்தில் உட்கார்ந்து, நிறவெறியைச் சந்திக்கிறார்கள். உருவகம் விலகி நிஜ வரலாறு நேரடியாக வரும் அரிய இடம் அது.

பிந்தைய சீசன்களில் சில எபிசோடுகள் தாமதமாக ஒளிபரப்பானதால் கதை வரிசை குழம்பும். ஜீன் இறந்தபின் திடீரென்று இருப்பதுபோலத் தெரிந்தால் 'நோ மியூட்டன்ட் இஸ் அன் ஐலண்ட்'டைத் தேடி அவள் இறக்கும் ஃபீனிக்ஸ் கதைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். '97-ன் முதல் சீசன் பத்து எபிசோடுதான், எதையும் தாண்டாமல் பார்க்கவும். அது 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழோடு வந்தது. பழையது சிறுவர்களுக்கு ஓடியது, வுல்வரினின் நகங்கள் பெரும்பாலும் ரோபோக்களையும் கதவுகளையும்தான் கிழிக்கும். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் பழையதில் தொடங்கி, ஐந்தாவது '97 எபிசோடை முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.